வேட்பாளரின் கல்யாணக் கதை: வாக்காளர் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

“சொந்தக் குடும்பத்தையே ஒழுங்காக நடத்தத் தெரியாதவர் நாட்டை எப்படி நடத்துவார்?” தேர்தல் வந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கேட்பவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. கேட்ட கையோடு விசாரணை முடிந்து தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. எதிர்ப்பக்கத்துக்காரரும் சளைத்தவரில்லை. “அவர் வீட்டுக்குள் என்ன நடந்தால் உனக்கென்ன, வேலை செய்கிறாரா பார்” என்பார். என் நண்பர் ஒருவர் இரண்டையும் ஒரே வாரத்தில் சொன்னார். முதலாவது பிடிக்காத கட்சியின் வேட்பாளருக்கு, இரண்டாவது பிடித்த கட்சியின் வேட்பாளருக்கு. சிரித்து நகர்ந்துவிட்டேன். கேள்விதான் என்னை விடவில்லை.

வாக்காளர் முன்னால் நான்கு வழிகள் இருப்பதாகப் படுகிறது. மணமுறிவு, மறுமணம், மண வாழ்க்கைக்கு வெளியே ஓர் உறவு, எதுவானாலும் கரும்புள்ளி குத்திவிடுவது ஒன்று. எதையுமே கண்டுகொள்ளாமல் விடுவது இன்னொன்று. ஊருக்கு உபதேசம் செய்கிறவரை மட்டும் சோதிப்பது மூன்றாவது. சல்லடையில் போட்டுச் சலித்து, தங்குவதை மட்டும் கணக்கில் எடுப்பது நான்காவது. நான் நான்காவதன் பக்கம். அந்தச் சல்லடையிலும் ஓட்டை உண்டு. மற்ற மூன்றிலும் கொஞ்சம் நியாயம் உண்டு.

கரும்புள்ளி

முதல் வழியைக் கேலி செய்து தள்ளிவிடக் கூடாது. கல்யாணம் நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கு. அதைக் காப்பாற்றாதவர் பதவியேற்பு மேடையில் கொடுக்கும் வாக்கை மட்டும் காப்பாற்றுவாரா என்று கேட்பதில் தப்பில்லை. இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. மணமானவர்கள் ரகசியத் துணை தேடுவதற்கென்றே நடத்தப்பட்ட ஆஷ்லி மேடிசன் இணையதளத்தின் வாடிக்கையாளர் பட்டியல் 2015இல் திருடப்பட்டு வெளியானது. ஜான் கிரிஃபின், சாமுவேல் க்ரூகர், கோன்சாலோ மட்டுரானா என்ற மூன்று நிதித்துறை ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலை எடுத்து, போலீஸ்காரர்கள், நிதி ஆலோசகர்கள், பொருளாதாரக் குற்றவாளிகள், நிறுவனத் தலைவர்கள் என்ற நான்கு கூட்டத்தாரின் பணிப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். 2019இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் முடிவு வந்தது. அந்தத் தளத்தைப் பயன்படுத்தியவர்களிடம் வேலையில் முறைகேடு இரண்டு மடங்குக்கும் மேல் தென்பட்டது.

கரும்புள்ளிக்காரர்களுக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது ஏமாற்றை. மணவிலக்கை அது அளக்கவே இல்லை. பல நேரங்களில் மணவிலக்கு ஏமாற்று முடிந்து உண்மை பேசத் தொடங்கிய நாள். முப்பது வருடம் மனைவியை ஏய்த்துக்கொண்டு குடும்பப் படத்தில் சிரிப்பவருக்கு நம் கணக்கேட்டில் புள்ளி விழாது. “இனி ஒத்துவராது” என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனவருக்கு விழும். எதைத் தண்டிக்க நினைத்தோமோ அது தப்பித்துவிடுகிறது.

நெல்சன் ராக்ஃபெல்லர் விஷயத்தில் இது எப்படி நடந்தது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். நியூயார்க் மாநில ஆளுநர், பெரும் பணக்காரர், 1964 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சியில் முன்னணியில் இருந்தவர். 1962இல் முதல் மனைவியோடு மணவிலக்கு. 1963 மே மாதம் மறுமணம். மணப்பெண்ணும் அப்போதுதான் மணவிலக்கு பெற்றிருந்தார், நான்கு குழந்தைகளின் பொறுப்பை முதல் கணவரிடம் விட்டு வந்திருந்தார். அந்தச் செய்தியோடு ராக்ஃபெல்லரின் செல்வாக்கு சரிந்தது. ஆனாலும் விடாமல் போராடி, கட்சிக்குள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கலிஃபோர்னியா வாக்கெடுப்பு வரை வந்துவிட்டார். வாக்கெடுப்பு ஜூன் 2. மே 30 அன்று புது மனைவிக்குக் குழந்தை பிறந்தது. மறந்துகொண்டிருந்த கதை மூன்று நாள் முன்னதாகத் தலைப்புச் செய்தியாகத் திரும்பி வந்தது. ஏறக்குறைய 3 சதவீத வித்தியாசத்தில் பேரி கோல்ட்வாட்டரிடம் தோற்றார். அதற்கு முன்பே, 1949இல் மணவிலக்கான அட்லாய் ஸ்டீவன்சன் ஜனநாயகக் கட்சி சார்பில் 1952லும் 1956லும் நின்று தோற்றிருந்தார். எதிரில் நின்றது உலகப் போரில் வென்ற தளபதி ஐசனோவர் என்பதால் அந்தத் தோல்விகளை முழுக்க மணவிலக்கின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் மணவிலக்கானவர் அதிபராக முடியாது என்பது எழுதாத சட்டம் போல இருந்தது.

அதே கலிஃபோர்னியாவிலிருந்து பதினாறு வருடம் கழித்து ரொனால்ட் ரேகன் அதிபரானார். அவரும் 1949இல் மணவிலக்கானவர், 1952இல் மறுமணம் செய்தவர். 1980இல் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இடையில் என்ன நடந்தது? ஆளுநராக இருந்தபோது, 1969இல், ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சுமத்தி நிரூபிக்காமலேயே மணவிலக்கு பெறலாம் என்ற சட்டத்தில் ரேகனே கையெழுத்துப் போட்டிருந்தார். அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். மற்ற மாநிலங்கள் வரிசையாகப் பின்தொடர்ந்தன. வாக்காளர்களின் அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் மணவிலக்கானவர்கள் வந்துவிட்டார்கள். தனக்கோ தன் தங்கைக்கோ நடந்ததைச் சொல்லி இன்னொருவரை ஒதுக்க யாருக்கு மனசு வரும்? ஆக, 1964இல் குணக்கேடாகத் தெரிந்தது 1980இல் வாழ்க்கையில் நடக்கிற ஒன்றாகிவிட்டது. வேட்பாளரின் குணம் மாறவில்லை, பார்த்தவர்களின் கண் மாறியிருந்தது.

நல்ல கணவர் நல்ல தலைவர் ஆவார் என்ற எதிர்த்திசைக் கணக்கும் தேறவில்லை. அமெரிக்க அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்சன் 1940இல் கட்டிய மனைவியோடு, அந்த மனைவி 1993இல் இறக்கும் வரை 53 வருடம் வாழ்ந்தார். எதிர்க்கட்சி அலுவலகத்தில் நடந்த அத்துமீறலை மூடிமறைத்த வாட்டர்கேட் விவகாரத்தில் 1974இல் பதவி விலகியவரும் அவரேதான். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இன்னொரு பெண்ணோடு கொண்டிருந்த தொடர்பை அவர் மனைவி 1918இல் கடிதங்களைப் பார்த்துக் கண்டுபிடித்தார். 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் மயங்கி விழுந்து இறந்த அன்று அதே பெண்மணி அந்த வீட்டில்தான் இருந்தார். அந்தக் கணவருக்கு மதிப்பெண் போடச் சொன்னால் நான் குறைவாகத்தான் போடுவேன். பொருளாதாரப் பெருவீழ்ச்சியையும் உலகப் போரையும் சமாளித்த அதிபருக்கு அந்த மதிப்பெண் பொருந்தாது.

கரும்புள்ளியின் விலையை அயர்லாந்து 1890இல் கட்டியது. சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் தன்னாட்சிக்காகப் போராடிய ஐரிஷ் கட்சியின் தலைவர். கேத்தரின் ஓஷே என்ற மணமான பெண்ணோடு பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர். கேத்தரினின் கணவருக்கு இது வெகுநாளாகத் தெரியும் என்றும், மனைவிக்குப் பணக்கார அத்தையிடமிருந்து வரவேண்டிய சொத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். அத்தை 1889இல் இறந்தார். சொத்தில் கணவருக்குப் பங்கில்லை என்றானது. அந்த வருடமே மணவிலக்கு வழக்குப் போட்டார், பார்னெலின் பெயரைச் சேர்த்து. தீர்ப்பு வந்த சில வாரங்களில் கட்சி இரண்டாக உடைந்தது. மறு வருடம் கேத்தரினை மணந்துகொண்ட பார்னெல், நான்கு மாதத்துக்குள் 45 வயதில் இறந்தார். இந்தக் கதையில் எனக்கு உறைப்பது ஒன்றுதான். கோப்பு மேசைக்கு வந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தது வாக்காளரில்லை. ஒரு வேட்பாளரின் பழைய மண வழக்கு நம் கைபேசிக்கு வந்து சேரும்போது, அனுப்பியவர் யார், ஏன் இந்த வாரம் என்று கேட்காமல் திறப்பது சரியில்லை.

கோர்ட் காகிதத்தை எப்படிப் படிப்பது

இங்கே ஒரு சின்ன விலகல், ஆனால் அவசியமானது. “கோர்ட் ஆவணத்திலேயே இருக்கிறது பாருங்கள்” என்று நீட்டுவார்கள். மணவிலக்கு மனு எழுதப்படும் விதம் தெரிந்தால் அந்த நீட்டலுக்குப் பாதி மதிப்புதான் கொடுப்போம். குற்றம் நிரூபித்தால்தான் பிரிய முடியும் என்று சட்டம் இருக்கும் இடத்தில், பிரிய விரும்புகிற இருவரில் ஒருவர் குற்றவாளியாக வேண்டும். 1937க்கு முந்தைய இங்கிலாந்தில் பிறன்மனை உறவு மட்டுமே ஏறக்குறைய ஒரே காரணம். அதனால் கௌரவமான கணவர்கள் கடற்கரை ஊர் ஓட்டலில் அறை எடுத்து, கூலிக்கு ஒரு பெண்ணை அமர்த்தி, இரவெல்லாம் சீட்டாடிவிட்டு, காலையில் பணிப்பெண் தேநீர் கொண்டுவரும்போது மட்டும் இருவரும் ஒரே படுக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். பணிப்பெண் சாட்சி சொல்வாள், ஓட்டல் ரசீது சான்றாகும். மனைவியின் பெயருக்குக் களங்கம் வராமல் பார்த்துக்கொண்டதாகக் கணவருக்கு நண்பர்கள் நடுவே நல்ல பெயர். இங்கிலாந்தில் குற்றம் சுமத்தாமல் உடனே விண்ணப்பிக்கும் வசதி 2022 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை எழுதப்பட்ட மனுக்களில் “கொடுமை”, “சகிக்க முடியாத நடத்தை” என்றெல்லாம் படிக்கிறபோது, அது நடந்ததா அல்லது சட்டம் கேட்டதால் எழுதியதா என்று வெளியாளுக்குத் தெரியாது.

சட்டம் போகிற போக்கில் மண வரலாறும் மாறும். சிலி நாட்டில் மணவிலக்குக்கு 2004இல்தான் வழி பிறந்தது. அதுவரை பிரிந்தவர்கள் காகிதத்தில் தம்பதியாகவே கிடந்தார்கள். அப்படிப் பிரிந்து வாழ்ந்த, மூன்று பிள்ளைகளின் தாயான மிஷெல் பாச்செலெட்டை அந்த நாடு 2006இல் அதிபராகத் தேர்ந்தெடுத்தது. பிலிப்பைன்ஸில் முஸ்லிம்கள் தவிர மற்றவர்களுக்கு மணவிலக்கே கிடையாது. திருமணம் செல்லாது என்று கோர்ட்டில் அறிவிக்கச் செய்யும் வழிதான் உண்டு. அதிபராக இருந்த ரோட்ரிகோ டுடெர்டேயின் திருமணம் 2000இல் அப்படித்தான் ரத்தானது. அங்கே “மணவிலக்கு ஆகாத வேட்பாளர்” என்று ஒருவரைப் புகழ்ந்தால் அதற்கு என்ன பொருள்?

கண்டுகொள்ளாமை

இதையெல்லாம் பார்த்தால் இரண்டாவது வழி இழுக்கும். வேண்டாமே, வீட்டுக் கதவை மூடிவிடுவோம். ஜெர்மானியர்கள் இதில் கிட்டத்தட்ட தேர்ந்தவர்கள். கெர்ஹார்ட் ஷ்ரோடர் 1998இல் பிரதமர் பொறுப்புக்கு வந்தபோது நான்காவது மனைவியோடு வந்தார். ஆடி காரின் சின்னத்தில் நான்கு வளையம் இருப்பதால் அவரை “ஆடிக்காரர்” என்று கேலி செய்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள். அவருக்குப் பின் வந்த அங்கேலா மெர்கல் 1982இல் மணவிலக்கானவர். நாட்டை 16 வருடம் ஆண்டபோது அவர் சுமந்த “மெர்கல்” என்ற பெயரே முதல் கணவருடையது. இப்போதைய கணவரின் பெயர் சாவர். உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு தலைவரின் பெயர் முறிந்துபோன திருமணத்திலிருந்து வந்தது என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்?

கண்டுகொள்ளாமை கௌரவமான பழக்கம்தான். ஆனால் அது எங்கே உடையும் என்பதை பிரான்ஸ் காட்டியது. அதிபர் ஃபிரான்சுவா மித்தரானுக்கு மனைவி, மகன்கள் தவிர இன்னொரு குடும்பம் இருந்தது. 1974இல் பிறந்த ஒரு மகளும். பத்திரிகைக்காரர்களுக்குத் தெரியும், எழுதவில்லை. 1994இல் பாரி மாட்ச் வார இதழ் படம் போட்டது. 1996 ஜனவரியில் இறுதிச் சடங்கில் இரண்டு குடும்பங்களும் நின்றன. நாகரிகத்தின் உச்சம் என்று அதைப் பலர் மெச்சியதுண்டு. இரண்டாவது குடும்பம் குடியிருந்ததோ அரசுக் கட்டடத்தில். அவர்களுக்குக் காவலும் அரசுச் செலவில். இந்த ரகசியம் வெளியே போய்விடுமோ என்ற பயத்தில், அதிபர் மாளிகையிலேயே இயங்கிய ஒரு சிறப்புப் பிரிவு 1980களின் நடுவில் எழுத்தாளர்கள், பத்திரிகையாளர்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது. மகளைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லித் திரிந்த ஷான்-எடெர்ன் அலியே என்ற எழுத்தாளரும் அந்தப் பட்டியலில் இருந்தார். 2005இல் பாரிஸ் நீதிமன்றம் அந்தப் பிரிவை நடத்திய அதிகாரிகள் பலரைக் குற்றவாளிகள் என்றது. மித்தரான் இல்லை, இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. அவர் யாரோடு வாழ்ந்தார் என்பது எனக்கு வேண்டாம். அதை மறைக்க யாருடைய போனில் காது வைத்தார் என்பது வேண்டும். ஆனால் முதலாவதைக் கேட்கவே கூடாது என்று பழகிய சமூகத்துக்கு இரண்டாவது தெரிய வரப் பல வருடம் ஆகிறது.

இன்னொன்றும் உண்டு. “அது குடும்ப விவகாரம்” என்ற வாசகத்தின் பழைய வேலை அடி வாங்கினவளை வாயடைக்க வைப்பது. மனைவியை வன்புணர்வு செய்தால் அதுவும் குற்றம்தான் என்று இங்கிலாந்தின் உச்ச மன்றம் சொன்னதே 1991இல்தான். தனியுரிமை என்ற சொல்லை ஆண்கள் நிம்மதியாகச் சொல்லும்போது நான் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்வேன்.

உபதேசிகள்

மூன்றாவது வழி ரொம்பப் பிரபலம், ஏனென்றால் அதில் ருசி இருக்கிறது. குடும்ப மாண்பைப் பேசி ஓட்டுக் கேட்டவர் மாட்டிக்கொண்டால் பிடித்துக்கொள், மற்றவரை விட்டுவிடு. அமெரிக்கக் கீழவையின் தலைவராக இருந்த நியூட் கிங்ரிச் 1998இல், மாளிகை ஊழியையோடு கொண்ட தொடர்பை மறைத்த அதிபர் பில் கிளின்டனுக்கு எதிராகக் கட்சியைத் திரட்டிய காலத்தில், தானும் மனைவிக்குத் தெரியாமல் ஒருவரோடு பழகிவந்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2012இல் அவர் அதிபர் வேட்பாளராக முயன்றபோது, சவுத் கரோலினா வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு இரண்டாவது மனைவியின் பேட்டி தொலைக்காட்சியில் வந்தது. அன்றிரவு விவாதத்தில் முதல் கேள்வியே அதுதான். கேட்டவர் மேல் கிங்ரிச் பாய்ந்தார், அரங்கம் எழுந்து கைதட்டியது, வாக்கெடுப்பில் அவரே ஜெயித்தார்.

உபதேசச் சோதனை ஏன் எனக்கு ஒத்துவரவில்லை என்பதற்கு அந்தக் கைதட்டலே போதும். வெட்கப்படுகிறவரைத்தான் அது கடிக்கும், வெட்கமில்லாதவரிடம் பல் இறங்காது. எந்தக் கொள்கையும் பேசாதவர் எதைச் செய்தாலும் தேர்ச்சி பெற்றுவிடுகிறார். தவிர, சோதனையை நடத்துகிற நாமே நிலையாக இல்லை. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுப் பதவியில் நேர்மையாக இருக்க முடியுமா என்று அமெரிக்காவின் பொதுமத ஆய்வு நிறுவனம் 2011இல் கேட்டபோது, பைபிளைக் கறாராகப் பின்பற்றும் கிறிஸ்தவர்களான வெள்ளையின எவாஞ்சலிக்கல் புராட்டஸ்டன்டுகளில் 30 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். 2016இல் அதே கேள்வி, அதே கூட்டம், 72 சதவீதம். இடையில் எந்த வேதமும் திருத்தி எழுதப்படவில்லை. இரண்டு முறை மணவிலக்காகி மூன்றாவது திருமணத்தில் இருந்த டொனால்ட் டிரம்ப் அவர்கள் ஆதரித்த கட்சியின் வேட்பாளராகியிருந்தார். எதிர்முகாமைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். கிளின்டன் காலத்தில் “அது அவர் சொந்த விஷயம்” என்று வாதாடிய பலர் டிரம்ப் காலத்தில் குணத்தைப் பற்றிப் பேசக் கற்றுக்கொண்டார்கள். என் நண்பர் தனியாள் இல்லை.

சல்லடை

நான்காவது வழியைக் காட்ட ஒரே தேர்தல் போதும். 2004, இல்லினாய் மாநிலம், அமெரிக்க செனட் இடம். இரண்டு கட்சியிலும் இரண்டு பணக்கார வேட்பாளர்கள், இருவருக்கும் மூடி வைக்கப்பட்ட மணவிலக்குக் கோப்புகள், இரண்டுமே சில மாத இடைவெளியில் திறந்தன.

ஜனநாயகக் கட்சியில் பிளேர் ஹல். சொந்தப் பணம் கோடிக்கணக்கில் இறைத்து, கருத்துக்கணிப்பில் முன்னால் போய்க்கொண்டிருந்தார். 1998இல் முன்னாள் மனைவி அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை வாங்கியிருந்தது வெளியே வந்தது. மிரட்டினார், அடித்தார் என்பது அவர் சொன்ன புகார். மார்ச் மாதக் கட்சி வாக்கெடுப்பில் ஹல் மூன்றாம் இடத்துக்குப் போனார். குடியரசுக் கட்சியில் ஜாக் ரயன். 1999இல் மணவிலக்கு. பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்ற வழக்கில் தாக்கலான காகிதங்களை வெளியிட வேண்டும் என்று ஒரு பத்திரிகையும் தொலைக்காட்சி நிலையமும் கோர்ட்டுக்குப் போயின. பிள்ளைக்குக் கெடுதல் என்று முன்னாள் மனைவி, ரயன் இருவருமே எதிர்த்தார்கள். நீதிபதி ஜூனில் திறந்துவிட்டார். விருப்பமில்லாமல் தன்னைப் பாலியல் கேளிக்கை விடுதிகளுக்குக் கூட்டிப்போனதாக மனைவி எழுதியிருந்தார். ரயன் மறுத்தார். சில நாளில் போட்டியிலிருந்தே விலகினார். அந்த இடத்தில் ஜெயித்தவர் பராக் ஒபாமா என்பது ஊரறிந்த கதை.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று. சல்லடையில் போட்டால் வேறு வேறு. ஹல் கோப்பில் இருப்பது கை ஓங்கியதாக ஒரு புகார், அதை நம்பத்தக்கது என்று கருதி ஒரு நீதிமன்றம் போட்ட ஆணை. தன்னைவிட வலு குறைந்தவரிடம் கோபம் வந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்ற கேள்வி. அதிகாரம் கொடுக்கப்போகிறவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது. நான் அங்கே வாக்காளராக இருந்தால் அவருக்குப் போட்டிருக்க மாட்டேன். ரயன் கோப்பில் இருப்பது பொறுப்பு வழக்கில் ஒருவர் எழுதிக்கொடுத்து மற்றவர் மறுத்த குற்றச்சாட்டு, எந்த நீதிமன்றமும் உண்மையென்று தீர்க்காதது. அதை வைத்து ஓட்டை மாற்றியிருக்க மாட்டேன். அவருடைய வரிக்கொள்கையே எனக்குப் போதுமான காரணம் தந்திருக்கலாம். மனைவி வற்புறுத்தலைச் சொன்னாரே, அதை எப்படி விடலாம் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. விருப்பத்துக்கு எதிராக என்ற சொல் சல்லடையில் தங்கவேண்டிய சொல்தான். நிரூபணமும் ஆணையும் இல்லாதபோது அதற்கு எவ்வளவு எடை போடுவது என்பதில் நாங்கள் இருவரும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

வன்முறைக்கு அடுத்துத் தங்குவது பொதுப்பணமும் பதவியும். மித்தரானின் ஒட்டுக்கேட்பு அந்த வகை. சவுத் கரோலினா ஆளுநர் மார்க் சான்ஃபோர்ட் 2009 ஜூனில் மலைப்பாதையில் நடக்கப் போனதாக அலுவலகத்தாரை நம்பவைத்துவிட்டு அர்ஜென்டினாவில் காதலியோடு இருந்தார். காதல் அவர் பாடு. ஒரு மாநிலத்தின் ஆளுநர் எங்கே இருக்கிறார் என்று அந்த மாநிலத்தில் யாருக்கும் தெரியாமல் நாள்கள் கழிந்தது காதல் கணக்கில் வராது. பயணச் செலவு முறைகேடுகள் தோண்டப்பட்டு 70,000 டாலருக்கு மேல் அபராதம் கட்டினார். 2013இல் வாக்காளர்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள் என்பது தனிக்கதை.

மூன்றாவது, சொல்லவேண்டிய இடத்தில் சொன்ன பொய். பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபூமோ 1963 மார்ச்சில் ஒரு பெண்ணோடு தவறான தொடர்பு ஏதுமில்லை என்று நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். ஜூனில் பதவி விலகியபோது அவர் ஒப்புக்கொண்ட குற்றம் அந்தப் பொய்தான். வீட்டில் சொன்ன பொய்க்கு வீட்டார் கணக்குக் கேட்கட்டும். அவையில், கோர்ட்டில், பிரமாணப் பத்திரத்தில் சொன்னதற்குக் கேட்கவேண்டியவர்கள் நாம்.

பிரமாணப் பத்திரம் என்றதும் இந்திய நடைமுறை நினைவுக்கு வருகிறது. இந்தச் சல்லடையைச் சட்டமாகவே அங்கே ஓரளவு பின்னியிருக்கிறார்கள். 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு வேட்பாளர் தன் சொத்தோடு கணவன் அல்லது மனைவியின் சொத்தையும் சொல்ல வேண்டும். எத்தனை முறை கல்யாணம் ஆனது என்று படிவம் கேட்பதில்லை. துணையைக் கேட்பதற்குக் காரணம் ஒழுக்கமில்லை, பணம் எந்தப் பெயரில் ஒளிகிறது என்பது. மனைவியைக் கொடுமைப்படுத்திய வழக்கு நிலுவையில் இருந்தால் அது குற்ற வழக்குகள் பகுதியில் வந்தாக வேண்டும். கட்டங்களை வெறுமையாக விடக் கூடாது என்று 2013இல் தீர்ப்பு வந்தது. அதுவரையிலான தன் மனுக்களில் துணைவர் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவந்த நரேந்திர மோடி, 2014 வதோதரா மனுவில் மனைவியின் பெயரை எழுதினார். அதே உச்ச நீதிமன்றம் 2024இல், வேட்பாளருக்கும் தனியுரிமை உண்டு, ஒவ்வொரு பொருளையும் துருவித் துருவி அறியும் உரிமை வாக்காளருக்கு இல்லை என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு நியாயமான கோடாகவே தெரிகிறது.

வேட்புமனு போடாதவர்கள்

ஒப்பீட்டில் எப்போதும் விடுபட்டுப்போகிறவர்கள் இரண்டு பேர். முன்னாள் துணையும் பிள்ளைகளும். அவர்கள் ஓட்டுக் கேட்கவில்லை. 1828இல் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எதிராக, அவர் மனைவி ரேச்சலின் முதல் திருமணம் சட்டப்படி முடியும் முன்பே இரண்டாவது நடந்துவிட்டது என்று பிரசாரம் செய்தார்கள். முடிந்துவிட்டதாக நம்பித்தான் மணந்தார்கள் என்பதும், விவரம் தெரிந்து 1794இல் மறுபடி முறைப்படி மணந்துகொண்டார்கள் என்பதும் பிரசாரத்தில் வரவில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய கதை. ஜாக்சன் ஜெயித்தார். பதவியேற்பதற்குள், டிசம்பர் 22 அன்று, ரேச்சல் இறந்துவிட்டார். அவதூறுதான் கொன்றது என்று ஜாக்சன் கடைசிவரை நம்பினார்.

பெண் வேட்பாளர்களுக்கோ இதில் எந்தக் கட்டமும் சரியான கட்டமாக இல்லை. மணமானால் குழந்தையை யார் பார்ப்பது, மணவிலக்கானால் ஒத்துப்போகத் தெரியாதவள், மணமாகாவிட்டால் அதற்கும் ஒரு வசை. ஜூலியா கில்லார்ட் ஆஸ்திரேலியப் பிரதமர் ஆவதற்கு முன்பு, 2007இல், பிள்ளை பெறாமல் இருப்பதே அவரைத் தலைமைக்குத் தகுதியற்றவராக்குகிறது என்ற பொருளில் ஒரு செனட்டர் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். நான் கடைப்பிடிப்பது ஒரு எளிய சரிபார்ப்பு. ஒரு பெண் வேட்பாளரைப் பற்றி ஏதாவது காதில் விழுந்தால், அதே வாக்கியத்தை ஒரு ஆணின் பெயரோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அபத்தமாக ஒலித்தால் விட்டுவிடுவேன். பெரும்பாலும் அபத்தமாகத்தான் ஒலிக்கிறது.

சல்லடையில் ஓட்டை என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். வேட்பாளர் மேல் துணைவர் கொடுத்த வன்முறைப் புகார் ஒன்று இருக்கிறது. தேர்தல் அறிவித்த வாரத்தில் அது திரும்பப் பெறப்படுகிறது. இருவரும் சேர்ந்து நின்று, எங்களுக்குள் பேசி முடித்துவிட்டோம், விடுங்கள் என்கிறார்கள். விட்டால், மிரட்டிப் பெற்ற சமாதானத்துக்கு நான் துணைபோகிறேனோ என்று தோன்றும். விடாவிட்டால், பாதிக்கப்பட்டவரே வேண்டாம் என்றதை என் ஓட்டுக்காகக் கிளறுகிறேன். புகாரின் தேதி, திரும்பப் பெற்ற தேதி, வேட்புமனுவின் தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒருமுறை அப்படி எழுதிப் பார்த்தேன். புகாருக்கும் திரும்பப் பெறலுக்கும் நடுவே மூன்று வருடம், திரும்பப் பெறலுக்கும் மனுவுக்கும் நடுவே நான்கு நாள். அந்த முறை என் ஓட்டு வேறு ஒருவருக்குப் போனது.